ஆறில்லாத ஊரில் 17,000 இருக்கைகள்

பிரெஞ்சு மொழியில் 'கிரான்' என்ற சொல்லுக்குப் பெரியது என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரோ, மக்கள்தொகை 400-ஐக்கூட எட்டாத ஒரு வேளாண் கிராமம். பிரான்சின் வடகிழக்கில், லொரேன் நிலப்பகுதியைச் சேர்ந்த வோஜ் மாவட்டம் மேற்கே முடியும் இடத்தில், காடும் கோதுமை வயலும் மாறி மாறி வரும் ஒரு சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலத்தின் மீது அது அமைந்திருக்கிறது. பக்கத்து நகரமான நெஃப்ஷாத்தோவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜோன் ஆஃப் ஆர்க் பிறந்த தோம்ரெமி கிராமமும் அந்தப் பக்கத்தில்தான் உள்ளது. எனவே இவ்வட்டாரத்தைத் தேடி வரும் வெளியூர்க்காரர் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கிரான் என்ற பெயரைக்கூடக் கேள்விப்படாமல் திரும்பிவிடக்கூடும்.

கிரான் வரை வருபவர் காண்பது அளவில் சற்றும் பொருந்தாத இரண்டு காட்சிகளை. ஒரு பக்கம் சின்னஞ்சிறு கிராமம். மறுபக்கம், நிலச்சரிவில் சாய்ந்தவாறு, ஏறத்தாழ 148 மீட்டர் நீளமும் 65 மீட்டர் அகலமும் கொண்ட ரோமானிய வட்டரங்கு. அதில் சுமார் 17,000 பேர் அமர்ந்திருக்க முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தெற்குப் பிரான்சில் இன்றும் ஏறக்குறைய முழு உருவோடு நிற்கும் நீம் வட்டரங்கில் சுமார் 24,000 பேர் அமரலாம்; ஆனால் நீம் அன்றும் நகரம், இன்றும் நகரம். கிரானின் இன்றைய மக்கள் ஒருவர் விடாமல் வந்து அமர்ந்தாலும் 40 இருக்கைகளுக்கு ஓர் இருக்கைகூட நிறையாது.

வட்டரங்கு மட்டுமே இருந்திருந்தால் அதை ஏதோ ஒரு செல்வந்தனின் வீண் பெருமை என்று ஒதுக்கிவிடலாம். ஊருக்குள்ளேயே 220 சதுர மீட்டருக்கு மேல் பரந்த ஒரு மொசைக் தரை, அது 1883-இல் கண்டெடுக்கப்பட்ட அதே இடத்தில், இன்று ஒரு பாதுகாப்புக் கட்டடத்துக்குள் இருக்கிறது. பழைய ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி, வட்டக் கோபுரங்கள் பொருந்திய சுமார் 1,760 மீட்டர் நீளமுள்ள மதில் ஒன்று ஓடியிருக்கிறது. நிலத்துக்கு அடியில், பாறையைக் குடைந்து அமைத்த நீர்வழிகளின் வலைப்பின்னல் இருக்கிறது. ஆனால் ஊரில் ஆறு கிடையாது. பெரிய குளமோ ஏரியோ கிடையாது. ரோமானியப் பேரரசின் முதன்மையான நெடுஞ்சாலை எதுவும் ஊரைத் தொட்டுச் செல்லவுமில்லை. இப்பகுதியில் வாழ்ந்த லியூக்கி என்னும் கால் (Gaul) இனத்தாரின் தலைநகரும் இதுவன்று. அது இன்று தூல் என்று அழைக்கப்படும் ஊர். அப்படியானால், நகரமாக வளர்வதற்குரிய எந்தக் காரணமும் வெளிப்படையாகத் தெரியாத ஓரிடத்தில் இவ்வளவு பணமும் உழைப்பும் ஏன் கொட்டப்பட்டன என்பதே கிரானைப் பற்றிய எல்லா ஆய்வுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி.

இருக்கைகளின் எண்ணிக்கையை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 17,000 பேருக்கு இடம் இருந்தது என்பதால் 17,000 பேர் அங்கே குடியிருந்தார்கள் என்று ஆகாது. ரோமானியர் ஆட்சிக்கால கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், ஊர்ப்புறத்தில் தனித்து நிற்கும் பெரிய அரங்குகள் அரிதல்ல. பொவாத்தியே நகருக்குத் தென்மேற்கில் உள்ள சாங்சே என்னும் சிற்றூரில் 1880-களின் தொடக்கத்தில் கமீல் த லா குருவா என்னும் பாதிரியார் அகழ்ந்தெடுத்த இடம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அங்கே ஒரு கோயில், ஒரு நீராடு மண்டபம், ஆயிரக்கணக்கானோர் அமரும் ஓர் அரங்கு ஆகிய மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. சுற்றுவட்டார மக்கள் ஆண்டின் சில குறிப்பிட்ட நாள்களில் திரண்டு வந்து, தெய்வத்தை வணங்கி, நீராடி, கூத்தும் விலங்கு வேட்டையும் பார்த்துவிட்டுக் கலைந்து போகும் இடங்கள் இவை. திருவிழாக் கூட்டத்துக்காகக் கட்டப்பட்ட அரங்கின் அளவு, அங்கே வந்து போனவர்களைப் பற்றிப் பேசுமே தவிர, அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பேசாது.

கிரானின் அரங்கு கட்டப்பட்ட முறையும் இதற்கு ஒத்துப் போகிறது. ரோமில் உள்ள கொலோசியம் போல நாற்புறமும் ஒரே உயரத்தில் படிவரிசைகள் எழும்பும் முழு வட்டரங்கு இதுவன்று. நடுவே முட்டை வடிவ ஆடுகளம் முழுமையாக இருக்கும். ஆனால் பார்வையாளர் படிகளில் பெரும்பகுதி, இயற்கைச் சரிவைப் பயன்படுத்தி, ஒரு பக்கத்தில் மட்டுமே ஏறிச் செல்லும். ஆய்வாளர்கள் இதை அரை வட்டரங்கு என்று வகைப்படுத்துகிறார்கள். வீரர் சண்டைக்கும் விலங்கு வேட்டைக்கும் களம் வேண்டும், நாடகத்துக்கு எல்லோரும் ஒரே திசையை நோக்கி அமர வேண்டும் என்ற இரண்டு தேவைகளையும் ஒரே கட்டடத்தில் நிறைவேற்றிக்கொள்ளும் இந்த வகை, கால் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கனம். கி.பி. 1-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், 80 வாக்கில், இது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. 4-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்ட பிறகு, ஊரார் கல் எடுக்கும் இடமாகவே இது நெடுங்காலம் பயன்பட்டிருக்கிறது. அப்படியும் இரண்டு பக்க நுழைவழிகளின் வளைவுகள் எஞ்சி நின்றன.

இனி நீருக்கு வருவோம். கிரானைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான வழி இதுதான்.

சுண்ணாம்புப் பாறை மழைநீரை மேலே தேக்கி வைப்பதில்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலத்தன்மை பெறுகிறது. பாறையின் வெடிப்புகளில் நுழையும் அந்நீர் வெடிப்புகளின் சுவர்களையே கரைத்து, பல்லாயிரம் ஆண்டுகளில் அவற்றைக் குழிகளாகவும் குகைகளாகவும் நிலத்தடி ஓடைகளாகவும் விரித்துவிடுகிறது. நிலவியலாளர் கார்ஸ்ட் என்று அழைக்கும் இத்தகைய நிலத்தில் மேற்பரப்பு வறண்டு கிடக்கும். காலடியில் சில மீட்டர் ஆழத்தில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் அந்நீர் திடீரென மேலே எழுந்து ஊற்றாகத் தலைகாட்டும். மழை பெய்தால் பெருகும், கோடையில் அடங்கிவிடும். கிரான் ஊரின் நடுவே, இன்று தேவாலயம் நிற்கும் இடத்தை ஒட்டி, அப்படி ஓர் ஊற்று இருந்திருக்கிறது. சுற்றிலும் நீரற்ற மேட்டுநிலம், நடுவில் தானாக ஏறி இறங்கும் ஊற்று என்றால், அதைத் தெய்வத்தின் செயல் என்று முன்னோர் கருதியதில் வியப்பதற்கு எதுவும் இல்லை.

வியக்க வேண்டியது அதன் பிறகு அவர்கள் செய்த வேலையைப் பார்த்துத்தான். ஊற்று தரும் நீர் போதாது என்றோ, அது நம்பத்தக்கதாக இல்லை என்றோ கருதி, மேட்டுநிலத்தின் பல திசைகளிலிருந்தும் நடுப்பகுதியை நோக்கி நீரைக் கொண்டுவரும் சுரங்க வழிகளைப் பாறையில் குடைந்திருக்கிறார்கள். ஓர் ஆள் ஒடுங்கி நடந்து செல்லும் அகலம். தரைமட்டத்திலிருந்து பல மீட்டர் ஆழம். பாறை பலவீனமான இடங்களில் கல் வைத்துக் கட்டிய சுவரும் பலகைக்கல் மூடியும். வழி நெடுகிலும் செங்குத்தான கிணறு போன்ற துளைகள் தரைவரை மேலேறுகின்றன. தோண்டும்போது கற்சில்லுகளை வெளியேற்றவும், உள்ளே வேலை செய்பவனுக்குக் காற்று கிடைக்கவும், பிற்காலத்தில் வண்டல் வாருவதற்கு ஆள் இறங்கவும் அத்துளைகளே வழி. இந்த வலைப்பின்னலின் மொத்த நீளம் சுமார் 15 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்லப்படுகிறது. 1960-களிலிருந்து பல பத்தாண்டுகள் கிரானிலேயே ஆய்வு நடத்திய தொல்லியலாளர் ழான்-போல் பெர்த்தோவும் அவருடைய குழுவினரும் இந்த வழிகளுக்குள் இறங்கி, சேற்றை அள்ளி, அளந்து வரைபடமாக்கியதால்தான் இவற்றைப் பற்றி இவ்வளவு பேச முடிகிறது. ஊருக்குள் இவற்றைத் தவிர நூற்றுக்கணக்கான பழங்கிணறுகளும் உண்டு.

உளியையும் சுத்தியலையும் கொண்டு, எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே முன்னேறக்கூடிய ஒரு துளையில் கிலோமீட்டர் கணக்கில் பாறையைக் குடைவது என்றால், அதற்கு ஆண்டுக்கணக்கில் கூலியும் சோறும் கொடுக்க ஒருவர் இருந்தாக வேண்டும். வறண்ட மேட்டுநிலத்தின் விளைச்சல் மட்டும் அந்தச் செலவைத் தாங்கியிருக்காது. ஆகவே பணம் வெளியிலிருந்து வந்தது என்பது என் முடிவு. அது வழிபட வந்தவர்களின் காணிக்கையா, லியூக்கி இனத்துப் பெருங்குடியினரின் கொடையா, பேரரசின் கருவூலமா என்பதில்தான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. நடுப்பகுதியில் ஒரு புனிதத் தடாகம் இருந்தது, அதை நிரப்பவே இவ்வளவும் என்பது பெர்த்தோ முன்வைத்த விளக்கம். ஒரு நகரின் அன்றாடத் தேவைக்கான நீர் விநியோகமும், மழைக்காலத்தில் பெருகும் நீரை வெளியேற்றும் வடிகாலும் சேர்ந்த ஏற்பாடாகவும் இதைப் பார்க்கலாம் என்பது மற்றொரு பக்கம். இரண்டுக்கும் இடையில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குடிக்கும் நீரும் கும்பிடும் நீரும் ஒரே ஊற்றிலிருந்து வந்த ஊர்கள் உலகில் ஏராளம்.

கிரானைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை இதைவிட மிகவும் கவர்ச்சியானது. கால் இனத்தார் கிரன்னுஸ் என்ற தெய்வத்தை வணங்கினார்கள். நோய் தீர்க்கும் தெய்வமாகவும் நீரோடு தொடர்புடைய தெய்வமாகவும் கருதப்பட்ட அவரை, ரோமானியர் தங்கள் அப்போலோவோடு இணைத்து அப்போலோ கிரன்னுஸ் ஆக்கினார்கள். ஊரின் பெயரே அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. இந்த அடிப்படையின் மீது, இரண்டு பேரரசர்கள் இங்கே வந்ததாக ஒரு மேற்கட்டுமானம் எழுப்பப்பட்டது.

முதல்வர் கரகல்லா. உடலாலும் மனத்தாலும் நோயுற்றிருந்த அவருக்கு, எவ்வளவு வேண்டியும் அப்போலோ கிரன்னுஸோ அஸ்கிளேப்பியஸோ செராப்பிஸோ உதவவில்லை என்று, அவர் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். கரகல்லா ஜெர்மானிய எல்லைப் போருக்கு வந்த 213-ஆம் ஆண்டில் கிரானுக்கு வந்திருக்க வேண்டும் என்று இதைக் கொண்டு சொன்னார்கள். ஆனால் டியோ இடம் எதையும் குறிப்பிடவில்லை. அப்போலோ கிரன்னுஸுக்குக் கோயில் இருந்த ஊர்கள் பல உண்டு; அவற்றுள் ஒன்றான ஃபைமிங்கன், இன்றைய தெற்கு ஜெர்மனியில், தன்யூப் ஆற்றங்கரையில், கரகல்லாவின் படை நடமாடிய பகுதியிலேயே இருக்கிறது. ஆகன் நகரின் பழைய இலத்தீன் பெயரிலும் கிரன்னுஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறார். கரகல்லாவைக் கிரானுக்கு அழைத்து வர, டியோவின் ஒரு வரி போதாது.

இரண்டாமவர் கான்ஸ்டன்டைன். 310-ஆம் ஆண்டு, டிரியர் நகரில், அவர் முன்னிலையில், ஓத்தன் ஊரைச் சேர்ந்த பெயர் தெரியாத சொற்பொழிவாளர் ஒருவர் ஆற்றிய புகழுரை நமக்குக் கிடைத்திருக்கிறது. மார்செய்யில் மாமனார் மாக்சிமியானின் கலகத்தை அடக்கிவிட்டு, எல்லையில் குழப்பம் என்ற செய்தி கேட்டு ரைன் ஆற்றை நோக்கி விரைந்த பேரரசர், குழப்பம் தானே அடங்கிவிட்டது என்று வழியில் அறிந்து, பெருவழியிலிருந்து விலகி, உலகிலேயே மிக அழகிய கோயிலுக்குச் சென்றார் என்றும், அங்கே வெற்றித் தேவதையோடு அப்போலோ தோன்றி, முப்பதாண்டு வாழ்வைக் குறிக்கும் வாகை மாலைகளை அவருக்கு அளித்தார் என்றும் அந்த உரை சொல்கிறது. கிறித்தவச் சின்னத்தோடு தொடர்புபடுத்தப்படும் 312-ஆம் ஆண்டுப் போருக்கு இரண்டே ஆண்டுகள் முன்னால் நடந்ததாகச் சொல்லப்படும் காட்சி இது என்பதால், வரலாற்றாசிரியர்களுக்கு இதில் தீராத ஆர்வம். அந்தக் கோயில் கிரானில்தான் இருந்திருக்க வேண்டும் என்று கால் நாட்டு வரலாற்றின் பெரிய அறிஞரான கமீல் ஜுல்லியான் கருதினார். பயணவழி பொருந்துகிறது, தெய்வமும் பொருந்துகிறது. எனினும் புகழுரையில் ஊர்ப்பெயர் இல்லை. அரசனைப் புகழ வந்த ஒருவர், தன் சொந்த ஊருக்கும் சலுகை கேட்கும் நோக்கத்தோடு பேசியது அது என்பதையும் மறக்கக்கூடாது. 'உலகிலேயே மிக அழகியது' என்ற சொற்கள் அந்த வகைப் பேச்சில் எளிதாக வந்து விழக்கூடியவை.

கையில் உள்ள சான்று இவற்றைவிடச் சிறியது, ஆனால் திடமானது. 1935-இல் கிரானில் கிடைத்த ஒரு கல்வெட்டுத் துண்டில், கொன்சினியுஸ் என்ற படைத்தலைவர் ஒருவர், 'உறக்கத்தில் கட்டளை பெற்று' காணிக்கை செலுத்தியதாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. கோயில் வளாகத்தில் படுத்துறங்கி, கனவில் வரும் தெய்வத்தின் சொல்லைக் கேட்டு நடப்பது கிரேக்க, ரோமானிய உலகின் நோய் தீர்க்கும் தலங்களில் வழங்கிய முறை. கிரானுக்கு மனிதர்கள் எதற்காக வந்தார்கள் என்பதற்கு, வந்தவர்களில் ஒருவரே விட்டுச் சென்ற இந்த மூன்று நான்கு சொற்கள், இரண்டு பேரரசர்களின் வருகையைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன.

ஒரு கதை நிலைபெற்றுவிட்டால், மண்ணிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தக் கதையின் சாட்சியாகத் தோன்றத் தொடங்கிவிடும். கிரானில் கிடைத்து எப்பினால் அருங்காட்சியகத்துக்குச் சென்ற ஒரு புடைப்புச் சிற்பம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் பாத்திரங்களுக்கும் கொப்பரைக்கும் நடுவே ஒரு பெண் தன் வேலையில் இருக்கிறாள். நோய் தீர்க்கும் தலம் என்ற எண்ணத்தோடு பார்த்தவர்களுக்கு அவள் மருந்து தயாரிப்பவளாகத் தெரிந்தாள். இன்னும் ஒருபடி மேலே போய், மெடித்ரினா என்னும் மருத்துவத் தேவதை என்றுகூடச் சொன்னார்கள். சோப்பு காய்ச்சுகிறவள் என்று படிப்பவர்களும் உண்டு. தொழில் செய்து வாழ்ந்த ஒரு பெண்ணின் நினைவாக எழுப்பிய கல் என்பதற்கு மேல் சிற்பத்தில் எதுவும் எழுதப்படவில்லை.

மொசைக் தரைக்கும் இதே கதிதான். நீள்சதுர மண்டபம் ஒன்றின் தரையாக அமைந்த அதன் நடுக்கட்டத்தில் சிதைந்த மனித உருவங்களும், மூலைகளில் பாயும் விலங்குகளும் உள்ளன. நடுவில் இருக்கும், வளைதடி ஏந்தியவரைத் தெய்வத்தை நாடி வந்த பயணி என்று முதலில் விளக்கினார்கள். அவர் முகத்தில் இருப்பது நாடக முகமூடி, அக்காட்சி கிரேக்க இன்பியல் நாடகம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விளக்கம் பின்னர் வலுப்பெற்றது. மண்டபத்தைப் பற்றியும் அவ்வாறே. புனிதப் பயணிகளை வரவேற்கும் கூடமா, வழக்கும் வாணிகமும் நடக்கும் பொது மண்டபமா என்பது விவாதத்துக்குரியது. தரையின் பரப்பும் வேலைப்பாடும் விவாதத்துக்கு அப்பாற்பட்டவை. இந்த அளவுள்ள ரோமானிய மொசைக் தரை, பெயர்த்தெடுக்கப்படாமல், வேறு நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகப்படாமல், தான் பதிக்கப்பட்ட இடத்திலேயே இருப்பது அரிது.

எல்லாவற்றிலும் விந்தையானது 1967, 1968 ஆண்டுகளில் ஒரு பழங்கிணற்றின் அடியிலிருந்து எடுக்கப்பட்ட தந்தத் துண்டுகள். பொறுமையாக ஒட்டிச் சேர்த்தபோது, புத்தகம் போல மடித்து வைக்கக்கூடிய இரண்டு சோதிடப் பலகைகளாக அவை உருவெடுத்தன. நடுவே சூரியனும் சந்திரனும். அவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு இராசிகள். வெளி வளையத்தில், ஒவ்வோர் இராசியையும் பத்துப் பத்துப் பாகையாக மூன்று கூறாக்கினால் வரும் 36 பிரிவுகளின் எகிப்தியத் தெய்வ உருவங்கள், பெயர்களோடு. இந்த முக்கூறு பிரிவைக் கிரேக்கர்கள் டெக்கனோஸ் என்றார்கள். தமிழ்ச் சோதிட நூல்களைப் புரட்டியவர்களுக்குத் திரேக்காணம் என்ற சொல் தெரிந்திருக்கும். அது அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து வடமொழி வழியாக வந்ததுதான். வாடிக்கையாளரின் பிறந்த நேரத்துக்குரிய கோள்நிலையை, பலகையின் மீது கற்களை வைத்துக் காட்டிப் பலன் சொல்வது அக்காலச் சோதிடரின் வழக்கம். எகிப்திய மரபில் உருவான இந்தத் தொழிற்கருவி, மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்து, கால் நாட்டின் ஒரு மேட்டுநிலக் கிராமத்தில் உடைந்து கிணற்றுக்குள் கிடந்திருக்கிறது. கனவில் தெய்வம் பேசும் ஊரில், நட்சத்திரம் பார்த்துச் சொல்பவருக்கும் பிழைப்பு இருந்திருக்கிறது என்பது மட்டும் விளங்குகிறது.

இங்கே ஒரு தற்செயலைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரான் வட்டரங்கை முதன்முதலில் முறையாகத் தோண்டிப் பார்த்தவர்களுள் ஒருவர், வோஜ் மாவட்டத்தின் தலைமைப் பொறியாளராக இருந்த புரோஸ்பேர் ஜொல்வா. இளமையில் அவர் நெப்போலியனின் எகிப்தியப் படையெடுப்போடு சென்ற அறிஞர் குழுவில் இருந்தவர். டெண்டரா கோயில் கூரையில் செதுக்கப்பட்டிருந்த புகழ்பெற்ற இராசிச் சக்கரத்தைத் தம் நண்பர் வில்லியேவுடன் சேர்ந்து 1799-இல் படியெடுத்து வரைந்தவர். அவர் 1842-இல் இறந்தார். அவர் கவனமாக வரைந்த அதே எகிப்திய மரபைச் சேர்ந்த இராசிச் சக்கரங்கள், அவர் அளவெடுத்துத் திரிந்த கிரானின் ஒரு கிணற்றடியில், இன்னும் ஒன்றேகால் நூற்றாண்டு காத்துக் கிடந்தன.

ஊர் எப்படி முடிந்தது என்பதை விரைவாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதற்குப் பெரிய நாடகம் எதுவும் தேவைப்படவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் பேரரசு கிறித்தவத்துக்கு மாறியது. 391-இல் கோயில் வழிபாடே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆற்றுத்துறையோ பெருவழிச் சந்திப்போ இருந்த நகரங்கள் தெய்வம் மாறினாலும் பிழைத்துக்கொண்டன. வந்து போகும் கூட்டத்தை நம்பியே வாழ்ந்த கிரானுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூட்டம் நின்றால் காணிக்கை நிற்கும். காணிக்கை நின்றால் சுரங்க வழிகளில் வண்டல் வார ஆள் இறங்கமாட்டான். வண்டல் சேர்ந்தால் நீர் நிற்கும். மரபுக் கதை இந்த மாற்றத்தை லிபேர் என்னும் கன்னிப் பெண்ணின் வடிவில் நினைவில் வைத்திருக்கிறது. சிலைகளை வணங்க மறுத்ததற்காக, 362-இல் பேரரசர் ஜூலியனின் ஆணையால் தலை வெட்டப்பட்டு, வெட்டுண்ட தலையைத் தானே ஏந்தி நடந்தார் என்பது கதை. ஜூலியன் 361-லேயே கால் நாட்டைவிட்டுக் கிழக்கே போய்விட்டார், 362-இன் கோடையில் அந்தியோக்கியாவில் இருந்தார் என்பதை நினைத்தால் கதையின் வரலாற்று மதிப்பு தெரியும். ஆனாலும் கிரானின் தேவாலயம் இன்றும் புனித லிபேரின் பெயரில்தான் இருக்கிறது; அது நிற்பதும் பழைய ஊற்றின் அருகில்தான்.

அதன் பிறகு கிரான் லொரேன் நாட்டுப்புறத்தின் மற்றக் கிராமங்களைப் போன்ற ஒரு கிராமம். தெருவின் இருபுறமும் வீடுகள் இடைவெளியின்றி ஒட்டி நிற்கும். ஒரே கூரையின் கீழ் குடியிருப்பும் தொழுவமும் வைக்கோல் போரும் பின்னோக்கி நீளும். வீட்டு வாசலுக்கும் வண்டிப்பாதைக்கும் நடுவே 'உசுவார்' என்று அழைக்கப்படும் அகலமான திறந்த இடம் ஒன்று இருக்கும். அது பொதுநிலம்தான் என்றாலும், வீட்டுக்காரர் தம் எருக்குவியலையும் விறகையும் வண்டியையும் அங்கே வைத்துக்கொள்வது வழக்கத்தால் வந்த உரிமை. எருக்குவியலின் உயரமே ஒரு குடும்பத்தின் வசதிக்கு அளவுகோல் என்று அந்த வட்டாரத்தில் சொல்வதுண்டு. இந்த வீடுகள் நிற்பது ரோமானிய ஊரின் மேல். சுவர்களில் ரோமானியக் கற்கள் இருப்பதும், முற்றத்துக் கிணறு ரோமானியக் கிணறாக இருப்பதும் இத்தகைய ஊரில் விலக்கன்று, விதி.

ரோமானிய மிச்சங்களை ஊரார் அழித்தார்கள் என்று நகரத்து எழுத்தாளர்கள் குறைப்படுவது வழக்கம். பாதி உண்மைதான், வட்டரங்கின் படிக்கற்கள் எங்கே போயின என்று கேட்கத் தேவையில்லை. ஆனால் கிரான் செழித்து வளர்ந்திருந்தால் நிலவறைகளும் கழிவுநீர்க் குழாய்களும் அடுக்குமாடிகளின் அடித்தளங்களும் மண்ணுக்குள் இருந்ததையும் சேர்த்துத் தின்றிருக்கும். 19-ஆம் நூற்றாண்டு முதல் ஆள் குறைந்துகொண்டே வந்த பிரெஞ்சு நாட்டுப்புறத்தில், கட்டடம் கட்டும் தேவை எழாமலே போனதால், மேலே இருந்தது போனாலும் கீழே இருந்தது தப்பியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த டிராக்டர்களின் ஆழ உழவுதான் வயல்வெளியில் உள்ள மிச்சங்களுக்கு உண்மையான கேடு. அதே வயல்கள் வேறொரு வகையில் உதவவும் செய்கின்றன: புதைந்த சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு என்பதால் அங்கே பயிர் முன்னதாகப் பழுத்து மஞ்சளாகும், பழைய பள்ளத்தின் மேல் நெடுநாள் பச்சையாக நிற்கும், வறண்ட கோடையில் விமானத்திலிருந்து பார்த்தால் கட்டடத்தின் தரைப்படமே வயலில் தெரியும்.

இத்தகைய நிலத்தின் சொந்தக்காரருக்குச் சட்டம் சில கட்டுகளை விதிக்கிறது. 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் சொந்த நிலத்திலேயே ஆனாலும், அரசின் அனுமதியின்றித் தொல்பொருளுக்காக எவரும் தோண்டக் கூடாது. ஏர் முனையில் தற்செயலாக ஏதேனும் சிக்கினால் உடனே ஊர் மேயரிடம் தெரிவிக்க வேண்டும். உலோகம் கண்டறியும் கருவியைக்கொண்டு தொல்பொருள் தேடுவதற்கு 1989 முதல் அனுமதி வேண்டும். 2001-இன் சட்டம், கட்டுமான வேலை தொடங்கும் முன்பே தொல்லியல் ஆய்வு நடத்தும் முறையை ஏற்படுத்தியது. 2016-இல் வந்த சட்டம் இன்னும் ஆழமானது: அதன் பிறகு கைமாறிய நிலங்களில், மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கே உரியது என்று கொள்ளப்படும். ஒரு கொட்டகைக்கு அடித்தளம் தோண்ட நினைக்கும் விவசாயிக்கு இவை எளிய செய்திகள் அல்ல. பெருமை ஊருக்கு, காத்திருப்பு தனக்கு என்று அவர் முணுமுணுத்தால் அதில் நியாயம் இருக்கிறது.

வட்டரங்கின் அகழ்வு 1963-இல் புதிதாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. வெளிப்பட்ட சுண்ணாம்புக் கற்களுக்கு அவ்வட்டாரத்தின் பனிக்காலமே எதிரி; கல்லின் நுண்துளைகளில் ஏறிய நீர் உறைந்து விரியும்போது கல் பொடிப்பொடியாக உதிரும். 1990-களில் பழைய படிகளின் சரிவு மீது இரோக்கோ என்னும் ஆப்பிரிக்க மரத்தால் இருக்கைகள் அமைத்து, கற்களைக் காத்ததோடு மக்கள் அமரவும் வழி செய்தார்கள். இன்று வட்டரங்கையும் மொசைக் தரையையும் மாவட்ட நிர்வாகமே பராமரிக்கிறது. 21-ஆம் நூற்றாண்டில், தியரி தெஷேலெபிரெத்ர் போன்ற ஆய்வாளர்களின் முயற்சியால், தோண்டாமல் நிலத்தை அளக்கும் புவி இயற்பியல் கருவிகள் கொண்டு ஊரின் சுற்றுப்புறம் ஆராயப்பட்டது. அப்போலோ கோயில் என்ற ஒரே கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்ப்பதை விடுத்து, தெருக்களும் வீடுகளும் பட்டறைகளும் கொண்ட ஓர் ஊராகக் கிரானைப் படிக்கும் போக்கும் வலுத்தது.

புவி இயற்பியல் கருவி வயலில் நன்றாக வேலை செய்யும். வீட்டுக்கும் தார்ச்சாலைக்கும் அடியில் அதனால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. சுரங்க வழிகள் ஒன்றுகூடும் நடுப்பகுதியோ, தேவாலயத்தையும் அதைச் சுற்றியுள்ள வீடுகளையும் சுமந்துகொண்டிருக்கிறது. கான்ஸ்டன்டைனின் புகழுரையாளர் சொன்ன கோயில் கிரானில்தான் இருந்தது என்றால், அது அந்த வீடுகளுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.